ஸ்டென்ட் வைத்த அப்பாவைக் குற்றாலத்துக்கு அழைத்துப் போகலாமா?

விழுப்புரம் பக்கத்திலிருந்து 38 வயதுப் பெண் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். சில அடையாளங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அப்பாவுக்கு வயது 67. முப்பது வருடம் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். சீசன் நேரத்தில் குற்றாலத்துக்கு எத்தனையோ தடவை ஸ்பெஷல் பஸ் ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார். பயணிகள் குளித்துவிட்டு வரும்வரை ஸ்டீயரிங்மேல் தலை சாய்த்துத் தூங்குவாராம். குடும்பத்தோடு ஒருமுறைகூடப் போனதில்லை. எட்டு மாதத்துக்கு முன்பு அவருக்கு மாரடைப்பு வந்து, அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழாயான ஸ்டென்ட் ஒன்றை வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை நோயும் உண்டு. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும், ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும், பிரஷருக்கும் கொழுப்புக்கும் ஒவ்வொன்று என்று மாத்திரைகள் ஓடுகின்றன. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c) 7.6. தினமும் அரை மணி நேரம் நடக்கிறார், நெஞ்சுவலி இல்லை.

ஜூலையில் பேரப்பிள்ளைகள் இருவரோடும் குற்றாலம் போக வேண்டும், அருவியில் நிற்க வேண்டும், பார்டர் பரோட்டா சாப்பிட வேண்டும், காரைத் தானே ஓட்ட வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. அம்மா ஒரேயடியாக மறுக்கிறார். எக்கோ என்ற இதய ஸ்கேன் ரிப்போர்ட்டில் 55 சதவீதம் என்று போட்டிருப்பதால் இதயம் பாதிதான் வேலை செய்கிறது என்று நினைக்கிறார். அருவித் தண்ணீர் அடித்தால் ஸ்டென்ட் நகர்ந்துவிடும் என்றும் பயப்படுகிறார். அப்படியே போனாலும் நாலு நாளுக்கும் புளிச்சோறும் சப்பாத்தியும் கட்டிக்கொண்டுதான் வருவாராம். தாய்மாமாவோ, "அது மூலிகைத் தண்ணி, நாலு நாள் குளிச்சா மாத்திரையே வேண்டாம்" என்கிறார். அப்பாவின் சமாதானம் வேறு: "பரோட்டா திங்கிற அன்னைக்குச் சுகர் மாத்திரை ஒண்ணு கூடப் போட்டுக்கறேன்." பேசாமல் அப்பா அம்மாவை வீட்டில் விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு மட்டும் போய்வரலாமா என்று கேட்கிறார் மகள். "மனசு கேட்கல டாக்டர். ஆனா ஏதாவது ஆயிட்டா காலத்துக்கும் என்னை நானே மன்னிக்க மாட்டேன்."

அன்புள்ள சகோதரி,

அப்பாவை அழைத்துப் போங்கள். நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களை வைத்துப் பார்த்தால், அவரை வீட்டில் விட்டுவிட்டுப் போக மருத்துவக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. அவருடைய இதய மருத்துவர் நேரில் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் டிக்கெட் போட வேண்டும். அதைத் தாண்டி நீங்கள் கவனமாக இருக்க வேண்டிய இடங்கள் சில இருக்கின்றன. ஆனால் உங்கள் வீட்டில் பயப்படுவது ஒரு பக்கம், ஆபத்து இருப்பது இன்னொரு பக்கம். அருவிக்கும் பரோட்டாவுக்கும் பயப்படுகிறீர்கள். எனக்கு அதைவிடக் கவலையாக இருப்பது மாமா சொன்ன யோசனையும், அப்பா சொன்ன அந்தக் கூடுதல் மாத்திரையும்தான்.

முதலில் அந்த 55. மருத்துவமனையில் யாரும் உட்கார்ந்து விளக்கிச் சொல்லாததால் பல வீடுகளில் இந்த எண் தூக்கத்தைக் கெடுக்கிறது. இதயத்தின் இடது கீழறையில் நிரம்பும் ரத்தத்தில், ஒரு துடிப்புக்கு எவ்வளவு வெளியே தள்ளப்படுகிறது என்பதைக் காட்டும் அளவு அது. நல்ல ஆரோக்கியமான இதயம்கூட நூறு சதவீதத்தையும் வெளியே தள்ளாது. 55க்கும் 70க்கும் இடையில் இருந்தால் இயல்பு. உங்கள் அப்பாவின் இதயம் மாரடைப்புக்குப் பிறகும் இயல்பான அளவில் வேலை செய்கிறது என்றுதான் அந்த ரிப்போர்ட் சொல்கிறது. இதை அம்மாவிடம் இன்றைக்கே சொல்லுங்கள். எட்டு மாதமாக அவர் சுமக்கும் பாரத்தில் பாதி இறங்கும்.

ஸ்டென்ட் நகராது. பலூனை விரித்து ரத்தக்குழாயின் சுவரோடு அழுத்திப் பதித்துவிடுகிறார்கள். சில மாதங்களில் குழாயின் உட்தோல் அதன்மேல் வளர்ந்து மூடிக்கொள்கிறது. குளிப்பதாலோ இருமுவதாலோ பஸ் குலுங்குவதாலோ அது இடம் மாறாது.

ஸ்டென்ட்டுக்கு உண்மையான ஆபத்து அதற்குள் ரத்தம் உறைவது. அதைத் தடுக்கத்தான் ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும். மாரடைப்புக்குப் பிறகு இரண்டையும் சேர்த்துப் பொதுவாக ஒரு வருடம் தருவார்கள். அப்பாவுக்கு எட்டு மாதம்தான் ஆகியிருக்கிறது. மாமா அன்போடுதான் சொல்லியிருப்பார். மலையில் மூலிகைகள் இருக்கின்றன, அருவியில் நின்றால் உடம்பும் மனதும் லேசாகின்றன, எல்லாம் சரி. நானே திருநெல்வேலியில் மருத்துவம் படித்த காலத்தில் பரீட்சை முடிந்த மறுநாள் ஐந்தருவிக்கு ஓடியவன். அந்தச் சுகம் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்தத் தண்ணீரால் ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைவதைத் தடுக்க முடியாது. நாலு நாள் மாத்திரையை நிறுத்தினால் மறுபடி மாரடைப்பு வரக்கூடும். அதனால் மாத்திரைகளை இரண்டு பைகளில் பிரித்து வையுங்கள். ஒன்று அப்பாவிடம், ஒன்று உங்களிடம். நாலு நாள் பயணத்துக்கு ஏழு நாள் மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள். மருந்துச்சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசி ஈசிஜி மூன்றையும் போனில் படமெடுத்து வையுங்கள். பழைய ஈசிஜி கையில் இருந்தால், புது ஊர் மருத்துவருக்குப் புதிய மாற்றம் எது என்று கண்டுபிடிப்பது சுலபம்.

கிளம்புவதற்கு முன்

இதய மருத்துவரிடம் போகும்போது பொதுவாக "வெளியூர் போகலாமா" என்று கேட்காதீர்கள். "போகலாம்" என்று ஒரே வார்த்தையில் பதில் வந்துவிடும். அருவியில் குளிக்கலாமா, படி ஏறலாமா, நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை கையில் இருக்க வேண்டுமா, அதை எப்போது எப்படிப் போடுவது என்று தனித்தனியாகக் கேளுங்கள். அப்பா வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், ஆண்மைக்குறைவுக்கான மாத்திரை உட்பட, அதை அவரே மருத்துவரிடம் தனியாகச் சொல்லட்டும். அந்த மாத்திரையோடு நாக்கடி மாத்திரையும் சேர்ந்தால் பிரஷர் ஆபத்தான அளவுக்குக் கீழே போகும்.

வீட்டிலும் ஒன்று பார்க்கலாம். இரண்டு மாடிப் படிகளை நிற்காமல் சாதாரண வேகத்தில் ஏறச் சொல்லுங்கள். நெஞ்சில் பாரமோ மூச்சிரைப்போ இல்லாமல் ஏறிவிட்டால், நீங்கள் திட்டமிடும் அளவு அலைச்சலை அவர் தாங்குவார் என்று நம்பலாம். சிரமப்பட்டால் பயணத்தைத் தள்ளிவைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

காலையும் பாருங்கள். பன்னிரண்டு வருடச் சர்க்கரையில் பாதத்தின் உணர்ச்சி குறைந்திருக்கலாம். கல் குத்துவதோ வெயிலில் காய்ந்த பாறை சுடுவதோ தெரியாமல் போகும். மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுச் செய்யும் பரிசோதனை இருக்கிறது, ஐந்து நிமிட வேலை. அருவிக்கரையில் வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள். பிடிமானமுள்ள, பின்பட்டை வைத்த செருப்பு வேண்டும். அதைப் புதிதாக வாங்கினால் இரண்டு வாரம் வீட்டில் போட்டுப் பழகட்டும். புதுச் செருப்பின் கடியும் சர்க்கரை நோயாளிக்குப் புண்தான். இரவு படுக்குமுன் பாதத்தையும் விரல் இடுக்கையும் துடைத்து நீங்களே ஒரு பார்வை பாருங்கள்.

அடுத்தது கார். முப்பது வருடம் ஸ்டீயரிங் பிடித்தவரிடம் "நீங்கள் ஓட்டக் கூடாது" என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று தெரிகிறது. அவருடைய திறமையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கிளிமிபிரைடு சாப்பிடுபவருக்குச் சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை திடீரென்று இறங்கும். எட்டு ஒன்பது மணி நேரம் ஓட்டும் வழியில் அது நடந்தால் காரில் இருக்கும் ஆறு பேருக்கும் ஆபத்து. ரயிலில் போங்கள். பொதிகை எக்ஸ்பிரஸ் இரவில் விழுப்புரம் வழியாகத்தான் குற்றாலத்துக்குப் பக்கத்திலிருக்கும் செங்கோட்டைக்குப் போகிறது. ராஜபாளையம் தாண்டி விடிந்ததும் வலப்பக்கம் மலை கூடவே வரும். எந்த மடிப்பில் எந்த அருவி, எந்த ரோட்டில் எத்தனை வளைவு என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல அவரைவிட யார் இருக்கிறார்கள்? அந்தச் சன்னலோர இருக்கையை அவருக்குக் கொடுங்கள்.

அருவியில்

குற்றாலத்தில் எல்லா அருவியும் ஒன்றுபோல அடிப்பதில்லை. பேரருவியில் தண்ணீர் முதலில் பொங்குமாங்கடல் என்ற பாறைப் பள்ளத்தில் விழுந்து பொங்கி வழிவதால்தான் கீழே மனிதர் நிற்க முடிகிறது. ஆனாலும் சீசன் உச்சத்தில் நடுவில் விழும் தண்ணீர் ஆளைத் தள்ளும். ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுபவர் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டால், வெளியே காயம் தெரியாமல் உள்ளே ரத்தம் கசியலாம். எனவே நடு அருவி வேண்டாம். ஓரத்தில், கம்பியைப் பிடித்துக்கொண்டு, தோளிலும் முதுகிலும் தண்ணீர் விழும்படி நிற்கட்டும். புலியருவி போலத் தண்ணீர் மெல்ல விழும் இடம் இன்னும் நல்லது. கூட்டத்தில் இடிபடுவதுதான் வழுக்குவதற்குப் பெரிய காரணம் என்பதால் சனி, ஞாயிறைத் தவிர்த்து வாரநாளில் போங்கள்.

நேரமும் முக்கியம். விடியற்காலை ஐந்து மணிக் குளிரில், சாரல் காற்றில், சூடாக இருக்கும் உடம்போடு திடீரென்று தண்ணீருக்குள் நுழைந்தால் ரத்தக்குழாய்கள் சுருங்கும், பிரஷர் ஏறும், இதயம் படபடக்கும். காலை உணவு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து, வெளிச்சம் ஏறியதும் போகலாம். முதலில் கால், பிறகு கை, பிறகு முகம், அதன் பிறகு தோள் என்று மெதுவாக நனையட்டும். ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வெளியே வந்து உட்காரட்டும். நன்றாக இருந்தால் இன்னொரு ஐந்து நிமிடம். உடனே துவட்டி, காய்ந்த துணி மாற்றிவிட வேண்டும். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அருவிக்குள் போக வேண்டாம், ஆசை இருந்தாலும். ஒருவர் வழுக்கினால் இருவருக்கும் அடி. பிள்ளைகள் உங்கள் கணவரின் கையில் இருக்கட்டும்.

அங்கே எண்ணெய் மசாஜ் செய்பவர்கள் கூப்பிடுவார்கள். மெல்லத் தேய்ப்பதில் தவறில்லை. அழுத்திப் பிசைந்தால் அப்பாவுக்கு நீலம் நீலமாக ரத்தம் கட்டும். கழுத்தில் சொடக்கு எடுக்க மட்டும் விடவே கூடாது.

இன்னொன்று உங்கள் ஆறு பேருக்கும் பொது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் இறந்துபோனான். கீழே வெயிலடிக்கும்போதும் மேலே மலையில் மழை கொட்டலாம். தண்ணீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ அந்த நொடியே வெளியேறுங்கள். போலீஸ் விசில் அடித்தால் "ரெண்டு நிமிஷம்" என்று கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். குளிக்கத் தடை என்றால் அன்றைக்குத் தென்காசிக் கோயில் கோபுரத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

பரோட்டா

இந்த விஷயத்தில் நான் அப்பா கட்சி. செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தது. எல்லை போனாலும் பக்கத்துப் பிரானூரில் பார்டர் என்ற பெயர் போகவில்லை, அந்தப் பரோட்டாவும் நாட்டுக்கோழியும் போகவில்லை. அவ்வளவு தூரம் போய் அந்தக் கடை வாசலில் அவரைப் புளிச்சோற்றுப் பொட்டலத்தோடு உட்கார வைப்பது வேண்டாம். அம்மா கட்டித் தரும் புளிச்சோறும் சப்பாத்தியும்கூட மாவுச்சத்துதான். அளவில்லாமல் சாப்பிட்டால் சர்க்கரை அதிலும் ஏறும்.

ஆனால் கூடுதல் மாத்திரை கூடவே கூடாது. கிளிமிபிரைடு கணையத்தை இன்சுலின் சுரக்கச் செய்யும் மருந்து. அதன் வேலை பரோட்டா செரித்ததோடு முடிந்துவிடாது, பல மணி நேரம் நீடிக்கும். கூட ஒரு மாத்திரை போட்டு, வழக்கத்தைவிட அதிகமாக நடந்து, குளித்துக் களைத்துத் தூங்கினால், நடு ராத்திரியில் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கிக் கிடப்பார். பக்கத்தில் தூங்குபவருக்கும் தெரியாது. விருந்து இருக்கிறது என்று காலைச் சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டு மாத்திரையை மட்டும் போடுவதும் இதே ஆபத்துதான்.

வழக்கமான மாத்திரை, வழக்கமான காலைச் சாப்பாடு. பரோட்டா மதியத்துக்கு இருக்கட்டும், இரவு பத்து மணிக்கு வேண்டாம். முதலில் வெங்காயம், வெள்ளரிக்காய், கோழி. பிறகு இரண்டு பரோட்டா. சால்னாவைப் பரோட்டா மிதக்கும்படி ஊற்றாமல் தொட்டுக்கொள்ளட்டும், எண்ணெயும் உப்பும் இருப்பது அதில்தான். சாப்பிட்டுச் சற்று நேரத்தில் பதினைந்து நிமிடம் மெதுவாக நடந்தாலே சர்க்கரை ஏறும் வேகம் குறையும். திருநெல்வேலி அல்வாவை அதே நாளில் சேர்க்காமல் இன்னொரு நாளுக்கு வைத்து, இரண்டு விரல் அகலத் துண்டோடு நிறுத்திக்கொள்ளலாம். கருப்பட்டி, தேன், பதநீர் எல்லாம் சர்க்கரை நோயாளிக்கு நல்லது என்று அங்கே யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ரத்தத்தில் அவையும் சர்க்கரைதான். ரம்புட்டானும் மங்குஸ்தானும் சீசனில் குவிந்து கிடக்கும். நாலைந்து பழம் தாராளமாகச் சாப்பிடட்டும், சாப்பாட்டோடு சேர்த்து வேண்டாம், தனியாக.

இந்த அளவையெல்லாம் வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே அப்பாவோடு உட்கார்ந்து பேசி முடித்துவிடுங்கள். அவரும் ஒத்துக்கொண்ட கணக்காக இருக்க வேண்டும். கடையில் இலை போட்ட பிறகு பேரப்பிள்ளைகள் முன்னால் "போதும்பா, போதும்பா" என்று சொன்னால், அவர் அடுத்த தடவை உங்களுக்குத் தெரியாமல் சாப்பிடுவார். இதை நான் எத்தனையோ குடும்பங்களில் பார்த்துவிட்டேன்.

ஏதாவது ஆனால்

குளுக்கோமீட்டரைக் கைப்பையில் வைத்திருங்கள். திடீரென்று வியர்வை, நடுக்கம், தடுமாற்றம், காரணமில்லாத கோபம் வந்தால் உடனே பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறியதும் ஏதாவது சாப்பிடக் கொடுங்கள். சாக்லேட் வேண்டாம், அதிலிருக்கும் கொழுப்பால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள்.

சர்க்கரை அளவு சரியாக இருந்தும் வியர்த்தால் இதயத்தை நினையுங்கள். சர்க்கரை நோயாளிக்கு மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமலும் வரும். மூச்சுத்திணறல், மேல்வயிற்றில் எரிச்சல், தாடைவலி, இனம்புரியாத களைப்பு என்று எப்படியும் வரலாம். பரோட்டா சாப்பிட்ட அன்று வந்தால் எல்லோரும் வாயு என்றுதான் சொல்வார்கள், சோடா வாங்கித் தருவார்கள். நீங்கள் சோடாவுக்காகக் காத்திருக்க வேண்டாம், உடனே ஈசிஜி எடுங்கள். தென்காசி அரசு தலைமை மருத்துவமனை குற்றாலத்திலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர்தான். திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 60 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. இந்த ஏற்பாடுகள் கையில் இருக்கும்போது, வீட்டில் தனியாக டிவி முன் உட்கார்ந்திருக்கும் அப்பாவைவிட உங்களோடு இருக்கும் அப்பாவுக்குத்தான் பாதுகாப்பு அதிகம் என்று நான் நினைக்கிறேன்.

அம்மாவைப் பற்றி

மூன்று பக்கக் கடிதத்தில் அம்மாவின் உடம்பைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். மூட்டுவலி இருப்பதால், "நான் துணிமணியைப் பார்த்துக்கிட்டுக் கரையிலயே உட்கார்ந்துக்கறேன்" என்று சொல்கிறாராம். என் மனதைத் தைத்தது அந்த வரிதான். கணவர் பஸ் ஓட்டிப் போன வருடங்களிலெல்லாம் வீட்டைப் பார்த்துக்கொண்டவர், இப்போது துணியைப் பார்த்துக்கொள்ளப் போகிறார். அவருடைய மறுப்பில் பயம் மட்டும்தான் இருக்கிறதா, அல்லது நாலு நாளும் ஆறு பேருக்கும் சமைத்துக் கட்டி, அப்பாவின் மாத்திரையையும் தட்டையும் காவல் காக்க வேண்டும் என்ற களைப்பும் இருக்கிறதா? நிதானமாகக் கேட்டுப் பாருங்கள். மாத்திரைப் பொறுப்பை அந்த நாலு நாளும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். சமையல் வேண்டாம். இட்லிப் பொடிகூட வேண்டாம்.

மூட்டுவலி அருவிக்குத் தடையில்லை. பெண்கள் பகுதியில் நீங்கள் கையைப் பிடித்துக்கொண்டால் ஓரத்தில் நிற்கலாம், மடக்கு நாற்காலி ஒன்றை எடுத்துப் போனால் நடுநடுவே உட்காரலாம். துணிமணியை உங்கள் கணவரும் அப்பாவும் முறைபோட்டுப் பார்த்துக்கொள்ளட்டும். ஒரு எச்சரிக்கை: அம்மாவின் வலி மாத்திரையை, உடம்பு வலிக்கிறது என்று அப்பா எடுத்துப் போட்டுக்கொள்ளக் கூடாது. டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்றவை இதயநோயாளிக்கு ஆகாது, ஆஸ்பிரினோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவும் வரலாம். வலி என்றால் அவருக்குப் பாரசிட்டமால் மட்டும்.

ரயில் டிக்கெட் போடும்போது அப்பா, அம்மா இருவருக்கும் மட்டும் தனியாக ஒரு டிக்கெட் போடுங்கள். 60 வயது தாண்டிய ஆண்களுக்கும் 45 தாண்டிய பெண்களுக்கும் கீழ் பெர்த் ஒதுக்கீடு இருக்கிறது, ஒரு டிக்கெட்டில் இரண்டு பேருக்கு மேல் இருந்தால் அது கிடைக்காது. ஒன்றுதான் கிடைத்தது என்றால் அதை அம்மாவுக்குக் கொடுங்கள். அப்பாவால் நடு பெர்த்தில் ஏற முடியும்.